பத்திரத்தில் இல்லாத பெயர்



இந்த வாரச் சிந்தனையை எழுத இரண்டு வாரங்களாகத் தயங்கினேன். விவாகரத்தைக் குறித்து ஒரு போதகன் எழுதினாலே, அதற்கு அனுமதி கொடுத்துவிட்டான் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. மல்கியா தீர்க்கதரிசியின் இரண்டாம் அதிகாரத்தில் தேவன் தள்ளிவிடுதலைத் தாம் வெறுப்பதாகச் சொல்லியிருப்பதை நான் மறக்கவில்லை; அதைப் பிரசங்க பீடத்திலிருந்து பலமுறை பேசியிருக்கிறேன். அதே அதிகாரம் இளவயதின் மனைவிக்குச் செய்யும் துரோகத்தைக் குறித்தும் பேசுகிறது. துரோகம் பல வகைப்படும். பணத்தில் செய்யப்படும் துரோகம் அவற்றில் ஒன்று. அதைக் குறித்து என் ஊழியக்காலம் முழுவதிலும் ஒரு பிரசங்கம்கூட நான் செய்ததில்லை. ஏன் செய்யவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின், ஒரு சகோதரி வெஸ்ட்ரி வாசலில் நின்றிருந்தார். கையில் குடும்ப நீதிமன்றத்திலிருந்து வந்த சம்மன். திருமணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள். கணவர் விவாகரத்து கேட்டு மனு போட்டிருந்தார். (அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். யார் என்று விசாரிக்க வேண்டாம் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்ளுகிறேன்.) அவர் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, வீட்டில் பாதி எனக்கு வந்துவிடும்தானே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வரும் என்றே நானும் நினைத்தேன். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். திரைப்படங்களில் பார்க்கிறோம், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சொல்லக் கேட்கிறோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் திருமண வாழ்க்கையின்போது சம்பாதித்த சொத்து இருவருக்கும் பொதுச் சொத்தாக எண்ணப்பட்டு, பிரியும்போது சரிபாதியாகப் பிரிக்கப்படுகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் நாட்டிலேயே கோவாவில், போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற 1867-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால் கணவன் மனைவி இருவரின் சொத்தும் ஒன்றாகிவிடுகிறது. ஆகையால் “பாதி” என்ற சொல் நம் காதில் விழுந்து பழகிவிட்டது. ஆனால் அது தமிழ்நாட்டுக்குரிய சட்டம் அன்று.

நம் சபையில் வளர்ந்து இன்று வழக்கறிஞராக இருக்கும் ஒரு மகளிடம் அந்தச் சகோதரியை அழைத்துப் போனேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, கிரையப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது?”

சகோதரி பதில் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் வழக்கறிஞருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் அந்த மனையைப் பதிவு செய்வதற்கு முந்தின நாள் மாலை, கணவனும் மனைவியுமாக ஜெபத்திற்காக என் வீட்டிற்கு வந்திருந்தார்கள். மனை வாங்குவதற்காக அவர் தம் தாய்வீட்டு நகையில் பதினான்கு பவுனை விற்றிருந்தார். மீதியை அடகு வைத்திருந்தார். திருமணமான நாள் முதல் வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டு, ரவிக்கைகளும் பள்ளிச் சீருடைகளும் தைத்துச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் அதில் இருந்தது. ஜெபம் முடிந்து காப்பி குடிக்கும்போது, தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: “ஐயா, பத்திரத்தில் ரெண்டு பேர் பெயரும் போடலாமா?”

நான் சிரித்தேன். “ஒரே மாம்சமாய் இருக்கிறவர்களுக்கு இரண்டு பெயர் எதற்கம்மா?” என்றேன். அவர் கணவரும் சிரித்தார். அவர் மட்டும் தலைகுனிந்து தம்ளரைக் கீழே வைத்தார். பத்திரம் கணவர் பெயரில் மட்டும் பதிவாயிற்று.

அந்த வாக்கியத்தை நான் வேதத்திலிருந்து சொன்னதாக அன்று நினைத்துக்கொண்டேன். இருவரும் ஒன்றானார்கள் என்று ஆதியாகமம் சொல்வது உண்மை. ஒன்றானபின் அந்த ஒருவர் புருஷன் மாத்திரமே என்று அது எங்கும் சொல்லவில்லை. அதைச் சேர்த்தவன் நான்.

வழக்கறிஞர் அன்று எங்களுக்கு விளக்கியதை, எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்கும் சொல்லுகிறேன். கிறிஸ்தவர்களாகிய நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நம் வாரிசுரிமையை ஆளும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 20-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. திருமணம் செய்துகொள்வதனால் மாத்திரம் ஒருவர் மற்றவருடைய சொத்தில் எந்த உரிமையும் பெறுவதில்லை என்பது அதன் சாரம். அவருடையது அவருடையதே, உன்னுடையது உன்னுடையதே. பலிபீடத்தின் முன் நின்று, உள்ளதெல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளுவோம் என்று நாம் சொல்லும் வாக்குறுதிக்கும் சட்டத்தின் இந்தப் பிரிவுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். நாற்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பணம் என்னுடையது என்று மற்றவர் சொன்னால், அதை நிரூபிக்கும் பாரம் அவர்மேல்தான் விழும்.

கிறிஸ்தவர்களின் விவாகரத்து 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது; 2001-இல் அது பெரிய அளவில் திருத்தப்பட்டது. அந்தச் சட்டத்தில் ஜீவனாம்சம் உண்டு. வழக்கு நடக்கும் காலத்திற்கு 36-ஆம் பிரிவின்படி கேட்கலாம். நிரந்தர ஜீவனாம்சத்தை 37-ஆம் பிரிவின்படி மொத்தத் தொகையாகவோ மாதந்தோறுமோ நீதிமன்றம் கட்டளையிடலாம். 2001-க்கு முன் வழக்குக்கால ஜீவனாம்சம் கணவனின் சராசரி நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று வரம்பு இருந்தது. திருத்தம் அதை எடுத்துப்போட்டது. திருமணத்தை முன்னிட்டுத் தம்பதியர் பெயரில் எழுதிவைக்கப்பட்ட செட்டில்மென்ட் சொத்து ஏதேனும் இருந்தால், அதைக் கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் நன்மைக்கு ஏற்றபடி பயன்படுத்த 40-ஆம் பிரிவின்படி கட்டளையிடலாம். ஆனால் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் சேர்த்த வீட்டையும் நிலத்தையும் இருவருக்கும் பிரித்துக் கொடுக்கும் பிரிவு ஒன்று அந்தச் சட்டத்தில் இல்லை. பங்கு வேண்டுமானால் உரிமையைத் தனியாகக் கேட்டு நிரூபிக்க வேண்டும். அப்படிப்பட்ட சொத்து வழக்கையும் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த குடும்ப நீதிமன்றமே விசாரிக்கலாம் என்பது ஒரு சிறு ஆறுதல்.

இதில் என்னைத் தூங்கவிடாத காரியம் ஒன்று உண்டு. அதே வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் கணவன் இறந்தால், பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. அந்தச் சகோதரி விதவையாகியிருந்தால் அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு கேள்வியில்லாமல் அவருக்கு வந்திருக்கும். உயிரோடிருக்கும் கணவர் வேண்டாம் என்று தள்ளிவிட்டால், அந்தப் பங்கும் போகிறது. இதைக் கேட்டபோது அவர், “அப்படியென்றால் அவர் நன்றாக இருக்கட்டும் என்று இத்தனை வருஷம் நான் ஜெபித்ததற்கு இதுதானா ஐயா?” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே வருத்தப்பட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மூன்றில் ஒரு பங்கையுங்கூட உயிலினால் இல்லாமற்போகச் செய்யலாம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கிறிஸ்தவர் தம் சொத்து முழுவதையும் தாம் விரும்பியவருக்கு உயில் எழுதலாம்.

அப்படியானால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது.

முதலாவது, அவர் சம்பாதித்தது அவருடையது. 1874-ஆம் ஆண்டிலேயே, திருமணமான பெண்ணின் கூலியும் தொழில் வருமானமும் அவளுடைய தனிச் சொத்து என்று ஒரு சட்டம் வந்தது. அது கிறிஸ்தவப் பெண்களுக்குப் பொருந்தும். நூற்றைம்பது ஆண்டுகளாக இருக்கும் சட்டம். நம் வீடுகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இரண்டாவது, நகையும் சீரும். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தவையும் திருமணத்தில் பெண்ணுக்கென்று கொடுக்கப்பட்டவையும் அவளுக்கே உரியவை. கணவனோ மாமியாரோ அவற்றை வாங்கி வைத்திருந்தால், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காக்கிறவர்களாகவே வைத்திருக்கிறார்கள் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஏப்ரலில், கேரளத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில், 89 பவுன் நகையை இழந்த ஒரு பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் கொடுக்கும்படி அதே நீதிமன்றம் கட்டளையிட்டு, மனைவியின் சீதனம் இருவருக்கும் பொதுவான சொத்தாகாது என்று உறுதி செய்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கக் கட்டளையிட வழி செய்கிறது. அந்தச் சட்டம் எந்த மதத்துப் பெண்ணுக்கும் உரியது.

மூன்றாவது, குடியிருக்கும் உரிமை. அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து மனைவியைச் சட்டத்திற்குப் புறம்பாக வெளியேற்றக் கூடாது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது சேர்ந்து வாழ்ந்த வீடாக இருக்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது அவளைத் தெருவில் நிறுத்தாமல் காக்கிற பாதுகாப்பு. வீட்டில் பங்கு கொடுப்பது வேறு காரியம்.

பின்னும் ஒன்று. 2023 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. சவூதி அரேபியாவில் வேலை செய்த கணவன் அனுப்பிய பணத்தில் ஊரில் சொத்து வாங்கப்பட்டது. பின்னாளில் இருவருக்கும் வழக்கு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் உழைப்பு இல்லாமல் கணவன் வெளியே போய்ச் சம்பாதித்திருக்க முடியாது. ஆகையால் அந்தச் சொத்து சேர்ந்ததில் அவளுக்கும் சமபங்கு உண்டு என்று நீதிபதி கண்டார். அதை வாசித்தபோது நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தைப் புதிதாக வாசித்ததுபோல் இருந்தது. ஆனால் அது ஒரு தனி வழக்கின் தீர்ப்பு. விவாகரத்து வழக்கும் அன்று. சட்டமன்றமோ பாராளுமன்றமோ அதை இன்னும் சட்டமாக்கவில்லை. அதை நம்பிக் கைகட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்று வழக்கறிஞர் எச்சரித்தார்.

நீதிமொழிகள் 31-ஐ அன்னையர் தினத்தில் வாசிக்காத சபை இல்லை. அந்தப் பெண் இரவில் விளக்கை அணையவிடாமல் வேலை செய்கிறதைப் புகழுகிறோம். பிள்ளைகளுக்கு உணவளிக்கிறதைப் புகழுகிறோம். அவள் ஒரு வயலைப் பார்த்து, விசாரித்து, தானே வாங்குகிறாள் என்பதை எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறீர்கள்? தன் கைகளால் சம்பாதித்ததைக் கொண்டு அவளே திராட்சத்தோட்டம் போடுகிறாள். அந்த அதிகாரத்தின் கடைசி வசனம் என்ன சொல்லுகிறது என்று வீட்டில் திறந்து பாருங்கள். அவளைப் பாராட்டுங்கள் என்பதற்கு முன்பாக, அவள் உழைப்பின் பலனை அவளுக்குக் கொடுங்கள் என்று இருக்கிறது. நான் ஆண்டுதோறும் பாராட்டை மாத்திரம் பிரசங்கித்தேன்.

“ஆண்டவரே பாகம் பிரிக்க மறுத்தாரே” என்று ஒரு மூப்பர் என்னிடம் சொன்னார். உண்மைதான். லூக்கா 12-இல், ஜனக்கூட்டத்திலிருந்து ஒருவன் தன் சகோதரன் ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி சொல்லக் கேட்டபோது, என்னை உங்களுக்குப் பங்கு பிரிக்கிறவனாக வைத்தது யார் என்று இயேசு கேட்டார். இந்தப் பகுதியை நானும் பல ஆண்டுகள் ஒரு கேடயமாக வைத்திருந்தேன். சொத்துப் பிரச்சினையோடு யார் வந்தாலும் இதைக் காட்டி அனுப்பிவிடுவேன். ஆனால் அங்கே பங்கு பிரிக்க நியாயப்பிரமாணமும் நியாயாதிபதிகளும் இருந்தார்கள். அவர் அந்த வேலையை ஏற்க மறுத்துவிட்டு, பொருளாசையைக் குறித்து எச்சரித்தார். அந்த எச்சரிக்கை கேட்கிறவனுக்கு மாத்திரமா? பங்கைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு இல்லையா? இத்தனை ஆண்டுகள் நான் அதை எப்போதும் கேட்கிறவர்களிடமே, பெரும்பாலும் பெண்களிடமே, சொல்லி வந்திருக்கிறேன்.

பங்கு கேட்பது பேராசை என்றால், செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளை வேதம் கண்டித்திருக்க வேண்டும். எண்ணாகமம் 27-இல் அவர்கள் மோசேயின் முன்பாகவும் பிரபுக்களின் முன்பாகவும் வந்து நின்று, எங்களுக்குக் காணியாட்சி வேண்டும் என்றார்கள். மோசே தானாக முடிவெடுக்காமல் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தர் சொன்னார். இதோடு கதை முடிந்தது என்றே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். யோசுவா 17-ஐப் பாருங்கள்: தேசம் பங்கிடப்படும்போது அந்த ஐந்து பேரும் மறுபடியும் வந்து, கர்த்தர் கட்டளையிட்டதை நினைப்பூட்டிக் கேட்க வேண்டியிருந்தது. தேவன் கொடுத்த உரிமையையே இரண்டாம் முறை போய்க் கேட்டார்கள். நீதிமன்ற வராந்தாவில் வாய்தாவுக்கு வாய்தா காத்திருக்கும் நம் சகோதரிகளை நினைத்துக்கொண்டேன்.

ராகேலும் லேயாளும் தங்கள் தகப்பன் லாபானைப் பற்றிச் சொன்னதும் ஆதியாகமம் 31-இல் இருக்கிறது. தங்களுக்கு உரியதை அவன் தின்றுபோட்டான் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதை அவர்கள் மறைக்கவில்லை, வேதமும் மறைக்கவில்லை.

ஆண்களுக்கு விரோதமாக எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பத்திரம் இரண்டு பக்கமும் வெட்டும். வளைகுடா நாட்டில் இருபது ஆண்டுகள் வெயிலில் நின்று, அனுப்பிய பணமெல்லாம் மனைவி பெயரில் நிலமாகி, திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் அந்நியனாய் நின்ற ஒருவரோடும் நான் அழுது ஜெபித்திருக்கிறேன். இல்லாத நகையை இருந்ததாக எழுதிக்கொடுத்த வழக்கையும் அறிவேன். பொய் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பொய்.

பொய்யைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர், “ஒரு காரியம் நல்லபடியாக முடிய வேண்டும், ஜெபியுங்கள் ஐயா” என்று வந்தார். என்ன காரியம் என்று கேட்காமலே தலையில் கைவைத்து ஜெபித்தேன். மனைவியோடு வழக்கு தொடங்குமுன் தம் கடையைத் தம்பியின் பெயருக்கு மாற்றி எழுதும் காரியம் அது என்பது பின்னால் தெரிந்தது. அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் விற்ற நிலம் அவர்களுடையதுதான், பணமும் அவர்களுடையதுதான், பேதுருவே அதை ஒப்புக்கொள்ளுகிறார். ஒரு பகுதியை ஒளித்துவைத்துவிட்டு, இவ்வளவுதான் என்று சொன்னதுதான் குற்றம். 2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் தங்கள் சொத்தையும் கடனையும் வருமானத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்திடப் போகும் யாரேனும் இதை வாசித்தால், கையெழுத்திடுமுன் அப்போஸ்தலர் 5-ஐ ஒருமுறை வாசியுங்கள். தம்பி பெயருக்கு மாற்றி எழுத ஜெபம் கேட்டு இனி யாரும் என்னிடம் வர வேண்டாம்.

உபாகமம் 15-இல், ஆறு வருஷம் வேலை செய்த அடிமையை விடுதலையாக்கும்போது அவனை வெறுமையாய் அனுப்பக் கூடாது என்ற கட்டளை இருக்கிறது. மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து எடுத்துத் தாராளமாகக் கொடுத்து அனுப்பச் சொல்லுகிறது. ஆறு வருஷம் வேலை செய்த அடிமைக்கு. மனைவியைப் பற்றி எழுதும்போது இந்தப் பகுதியை எடுத்துக்காட்ட எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்தச் சகோதரியின் காரியத்திற்கு வருகிறேன். மனை வாங்கியதில் தம் பணம் இருந்தது என்று அவர் நிரூபிக்க வேண்டும். எங்கே போவது? சீட்டுப் பணம் கையில் வாங்கியது. தையல் கூலி கையில் வாங்கியது. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து நகைக்கடன் ரசீதுகள் மூன்று கிடைத்தன. நகை விற்ற கடைச் சீட்டு எழுத்து அழிந்து வெள்ளைத் தாளாய் இருந்தது. தையல் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் புரட்டும்போது வழக்கறிஞர் ஓரிடத்தில் நின்று, “ஐயா, இது நம் சபை அல்லவா?” என்றாள்.

நம் பாடகர் குழுவின் அங்கிகள். இருபத்தாறு அங்கிகள் அவர் தைத்தவை. மனை வாங்கிய அதே ஆண்டு. சபையின் பழைய வவுச்சர் கோப்பை எடுத்துப் பார்த்தேன். தையல் கூலி முழுவதும் கொடுக்கப்பட்டிருந்தது. பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து அவருடையதன்று, கணவருடையது. ஒப்புதல் கையெழுத்து என்னுடையது. தைத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். இராத்திரி பதினொரு மணிக்கு அந்த வீட்டில் இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் பணத்தை அவர் கணவர் கையில் கொடுக்கச் சொன்னவன் நான்தான். வீட்டுத் தலைவர் அவரல்லவா என்று அன்று எண்ணினேன்.

அன்று சாயங்காலம் என் மனைவியை அழைத்துக்கொண்டு அந்தச் சகோதரியின் வாடகை வீட்டிற்குப் போய், இரண்டு காரியத்திற்காகவும் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. கேட்டதற்காக வெட்கமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கோபம் வருகிறது” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லி வற்புறுத்தவில்லை. என் மனைவி உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

அங்கிகளைத் தைத்தவர் அவரே என்றும், கூலி அவருக்குரியது என்றும், நான் அறிந்தபடி எழுதிக் கையெழுத்திட்டு வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறேன். அழைத்தால் கூண்டில் ஏறிச் சொல்லவும் ஆயத்தமாயிருக்கிறேன். அவர் கணவரும் என் மந்தையைச் சேர்ந்தவர்தான். அவரிடமும் நேரில் போய் இதைச் சொன்னேன். கதவை அடைக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. வழக்கு இப்போது சமரச மையத்திற்கு அனுப்பப்பட்டிருக்கிறது.

சபை ஒழுங்கில் சில மாற்றங்களைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. இனி சபைக்காக வேலை செய்கிறவர் எவரோ, கூலி அவர் கையில் அல்லது அவர் கணக்கில்தான் கொடுக்கப்படும். திருமணத்திற்கு முந்தைய ஆலோசனையில் நகை யாருடைய பொறுப்பில் இருக்கும், யார் சம்பளம் எங்கே போகும், வீடு வாங்கினால் பத்திரம் யார் பெயரில் என்ற கேள்விகளை இருவரிடமும் சேர்த்துக் கேட்பேன். சென்ற மாதம் முதன்முறையாகக் கேட்டபோது, “கல்யாணத்திற்கு முன்பே பிரிவைப் பேசுகிறீர்களே பாஸ்டர்” என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கோபித்துக்கொண்டார். பெண் ஒன்றும் சொல்லாமல், கையிலிருந்த நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டாள்.

ஏற்கெனவே ஒருவர் பெயரில் மட்டும் சொத்து வைத்திருக்கிறவர்கள், சமாதானமாக வாழுகிற இந்த நாட்களிலேயே, ஒரு பங்கை மற்றவருக்கு செட்டில்மென்டாக எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்திற்குள் எழுதும் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வையும் குறைவு. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை நம் வழக்கறிஞர் மகள் வெஸ்ட்ரியில் இருப்பாள். கட்டணம் இல்லை. கிரையப் பத்திரத்தின் நகல், பட்டா, வில்லங்கச் சான்று இருந்தால் கொண்டு வாருங்கள். அடகு ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் அந்த அறைக்குள் வரமாட்டேன். பிஸ்கட் டப்பாவோடு வந்தாலும் பரவாயில்லை.